ஆறு ஒன்பதான பாலம்

நாடு விடுதலை அடைந்த மறுவருஷம் நாகர்கோவிலில் ஓர் அரசாங்க ஆபீஸில் எனக்கு ட்ரேசர் வேலை கிடைத்தது. எஞ்சினியர்கள் பென்சிலால் போட்ட படத்தின் மேல் கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியை விரித்து, கறுப்பு மையால் அப்படியே நகலெடுப்பதுதான் ட்ரேசரின் வேலை. அந்தத் துணியை வெயிலில் வைத்து நீல அச்சு எடுப்பார்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் போவது அந்த அச்சுதான். பாழாய்ப்போன துணியைக் கஞ்சி போக அலசினால் நல்ல கைக்குட்டை கிடைக்கும். அக்காவும் நானும் பல வருஷம் கடையில் கைக்குட்டை வாங்கியதே இல்லை.

ஊரில் எஞ்சினியர்கள் சங்கம் ஒன்று இருந்தது. எஞ்சினியர்கள் பாதி, ஓவர்சியர்களும் காண்டிராக்டர்களும் பாதி. எல்லாம் சேர்த்து முப்பது பேருக்குள் வரும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். முதலில் யாராவது ஒருவர் சிமென்டைப் பற்றியோ சுண்ணாம்பைப் பற்றியோ எழுதிவந்ததை வாசிப்பார். சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம் என்பதால் இரண்டு மூன்று பேர் கண்ணை மூடிக் கேட்பார்கள். நாலு மணிக்குக் காப்பி வரும். அதற்குப் பிறகு ஹாலின் கதவைத் திறந்து வைப்பார்கள். வீடு, கிணறு, குளம், சுவர் என்று எதைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கேட்கலாம்.

நான் சங்கத்தை விரும்பியது அந்த நாலு மணிக்குப் பிந்திய நேரத்துக்காகத்தான். அடுக்களைப் புகை வெளியே போகமாட்டேன் என்கிறது என்று ஒருவர் வருவார். கோவில் மதிலில் வெடிப்பு, பள்ளிவாசல் குளத்தில் படி சரிகிறது, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்று வருவார்கள். குளச்சலில் இருந்து வந்த ஒரு பெரியவர், கடல் இருக்கிற இடத்திலேயே நிற்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு எஞ்சினியர் அங்கே போய் நாள் முழுவதும் கரையை அளந்தார். கடலை நிறுத்த முடியாது, வீட்டைத்தான் தள்ளிக் கட்ட வேண்டும் என்று சொல்லி, புதிய வீட்டுக்குப் படமும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

என்னைச் சங்கத்துக்குள் கூட்டிக்கொண்டு போனவர் அதன் காரியதரிசி. தக்கலைக்காரர், எங்கள் ஆபீஸில் அசிஸ்டென்ட் எஞ்சினியர். ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் கொடுக்கிற படங்களை நகலெடுக்க ஆளில்லாமல் இருந்தது. பெண் வந்து உட்கார்ந்தால் நாம் மனம்விட்டுப் பேச முடியாதே என்று ஒரு காண்டிராக்டர் ஆட்சேபித்தார். ஆறு மாதம் பார்ப்போம் என்று காரியதரிசி சமாதானம் சொன்னார். அந்த ஆறு மாதத்துக்குள்தான் மருத்துவச்சி வந்தாள்.

சுசீந்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு குடியிருப்பில் பிரசவம் பார்க்கிறவள் அவள். ஐம்பது வயதிருக்கும், கட்டைக்குட்டையான உடம்பு. ஹாலுக்குள் வந்தவள் போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். அவர்கள் குடியிருப்புக்கும் ரோட்டுக்கும் இடையில் ஒரு கால்வாய் ஓடுகிறது, அகலம் பன்னிரண்டடி. குறுக்கே இரண்டு தென்னந்தடி போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் தடிகள் அடித்துக்கொண்டு போய்விடும். சென்ற மழையில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, பிள்ளை குறுக்காகக் கிடந்ததால் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. கல்யாணச் சோறு வைக்கிற பெரிய செம்பு வார்ப்பைக் கொண்டுவந்து, அதற்குள் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, நாலு ஆண்கள் நீந்தித் தள்ளிக்கொண்டு போய் அக்கரை சேர்த்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

“சாரே, தென்னந்தடியில நடக்க எனக்குப் பயம் இல்ல. ஆனா எல்லா வருசமும் வார்ப்பு கெடைக்குமா?” என்று கேட்டாள்.

அன்றே தீர்மானம் போட்டார்கள். சங்கம் படமும் மேற்பார்வையும் கொடுக்கும். கல்லும் மணலும் ஆள்வேலையும் குடியிருப்புக்காரர்கள் பொறுப்பு. அப்போது சிமென்டுக்குக் கட்டுப்பாடு; அதற்கான பெர்மிட்டுக்குக் காரியதரிசி அலைந்தார். என்னை ஆட்சேபித்த காண்டிராக்டர், பாலத்துக்கு வேண்டிய இரும்புக் கம்பியை முழுக்கத் தாமே தருவதாகச் சொன்னார். கோபக்காரர், ஆனால் தாராளக் கைக்காரர். காரியதரிசி கணக்குப் போட்டு, எத்தனை கம்பி, என்ன நீளம் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தார். காண்டிராக்டர் தம் டிப்போவில் அதன்படியே வெட்டி வண்டியில் அனுப்பினார். பென்சில் படத்தை நான் நகலெடுத்தேன்.

கோடையில் கால்வாயில் தண்ணீர் அடைத்திருந்தபோது இரு கரையிலும் கல்கட்டு எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். நானும் இரண்டு தடவை போனேன். பெண்கள் வரிசையாக நின்று மணல் கூடையைக் கை மாற்றியது கண்ணில் நிற்கிறது. மேலே கான்கிரீட் பலகை போடுவது பெர்மிட் தாமதத்தால் கார்த்திகை வரை தள்ளிப் போயிற்று. கான்கிரீட்டைக் கொட்டுவதற்கு முன் கம்பிகளை எண்ணிச் சரிபார்க்க ஓர் ஓவர்சியரை நியமித்திருந்தார்கள். அன்று காலையில் எங்கோ குளத்துக்கரை உடைந்ததென்று ஆபீஸிலிருந்து அவருக்கு அவசர உத்தரவு. அவர் போய்விட்டு வருவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வரவே, கம்பி கட்டி வேலையை நடத்திய மேஸ்திரி பாதிக்கு மேல் கொட்டி முடித்துவிட்டார். எல்லாம் நன்றாக அமைந்ததென்று எல்லாருக்கும் சந்தோஷம். உரிய நாள் கழித்து அடியில் கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்தார்கள். மார்கழியில் சுசீந்திரத்துத் தேருக்கு முன்னால் பாலத்தைத் திறந்துவிடுவது என்று ஏற்பாடு. தேரன்று அந்த வழியாக நாலைந்து ஊர் ஜனம் வரும்.

திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. குடியிருப்புக்காரர்கள் வைத்துக்கொள்ள ஒரு நல்ல பிரதி வேண்டும் என்றார் காரியதரிசி. பழைய பென்சில் படத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை, படத்தின் ஓரத்தில் ஒரே ஓர் எண்ணாக எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அது ஆறு. முதல் நகலில் நான் ஒன்பது என்று எழுதியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நீல அச்சை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதுதான்.

எப்படி நடந்ததென்பது உடனே புரிந்துவிட்டது. முதல் தடவை இந்தப் பக்கத்து மை காயவில்லை என்று மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, ஓரத்து எண்ணைப் படித்து ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அந்த ஆறு ஒன்பதுதான்; பிறகு நகலில் எழுதியது அந்தத் துண்டுத் தாளைப் பார்த்து. சந்தேகம் தீரக் கணக்குத் தாளைத் தேடி எடுத்தேன். அதில் ‘ஆறு அங்குலம்’ என்று எழுத்திலேயே இருந்தது. ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு இரும்பு குறைந்துபோகும். கான்கிரீட்டுக்குள் போய்விட்ட கம்பியை இனி யாரும் எண்ண முடியாது.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா தையல் டீச்சர். அப்பா அம்மா போனபிறகு என்னைப் படிக்க வைத்தது அவள்தான். முழுவதும் கேட்டுவிட்டு, வாயைத் திறக்காதே என்றாள். பெண்ணைச் சேர்த்ததால் வந்த வினை என்று பேசுவார்கள், ஆபீஸிலும் உன் பெயர் கெடும் என்றாள்.

“நீயா பாலம் கெட்டுன? எத்தனை படிச்ச ஆம்பிளைக பாத்த படம் அது. ஒருத்தன் கண்ணுலயும் படல்லியே. சும்மா கெட.”

அவள் சொன்னது அத்தனையும் சரிதான். அதனால்தான் கேட்கவே பயமாக இருந்தது. தேரைப் பார்க்கப் போகிற ஜனம் அந்தப் பன்னிரண்டடியில் நெருக்கியடித்து நிற்பதை நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் காரியதரிசியின் மேஜைக்குப் போய், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். முடித்துவிட்டு, நாலைந்து பேர் நடந்து போனால் தாங்கும், தேர்க்கூட்டம் நின்றால் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். உடனே ஒரு பியூனைச் சைக்கிளில் அனுப்பி, பாலத்தின் இரு முனையிலும் முள் வெட்டிப் போடச் சொன்னார். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“அழாதீங்க. அச்சுல என் கையெழுத்தும் கெடக்கு. நம்பரப் பாத்துட்டா போட்டேன்? பாக்காமத்தான் போட்டேன்” என்றார்.

அந்த ஓவர்சியரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் நேர்மையானவர். மூடாமல் கிடந்த கம்பிகளைப் பார்த்தேன், நெருக்கமாகத்தான் தெரிந்தது, ஆனால் எண்ணவில்லை என்று சொல்லிவிட்டார். கம்பி கட்டிய மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும். அவர் அப்போது குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், ரப்பர் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்துகிற புகைக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனோம். ஆணோடு தனியாக நான் எப்படிப் போவது என்று அக்காவும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். தக்கலையில் பஸ் மாறினோம். காரியதரிசி முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா வழியெல்லாம் என் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

மேஸ்திரி தேங்காப்பட்டணத்துக்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ரப்பர் மரங்களுக்கு நடுவே, பாதி எழும்பிய சுவர் மேல் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இறங்கி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார். சுசீந்திரத்துப் பாலத்தில் கம்பி எப்படிக் கட்டினீர்கள் என்று காரியதரிசி கேட்டார்.

மேஸ்திரி எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். “படத்துல உள்ளது மாதிரிதான் கெட்டினேன் சாரே. ஒரு இஞ்சு மாத்தல்ல.”

காரியதரிசி பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். இனி பலகையை உடைத்துத்தான் ஆக வேண்டும். ஊர் மொத்தமும் கூடை கூடையாய்ச் சுமந்தது, மறுபடி பெர்மிட், மறுபடி ஒரு மழைக்காலம். ஆனால் அந்த மனிதர் எங்களுக்குப் பயந்து நிற்கிறார் என்பது தெரிந்தது. அவர்மேல் பழி போட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அது நியாயமில்லை என்று பட்டது.

நான் அவரிடம் போய், தப்பு உங்களுடையது இல்லை, படத்தில்தான் தப்பு, ஆறு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்பது என்று எழுதியது நான்தான் என்று சொன்னேன். நீங்கள் படத்தின்படி செய்ததற்கு யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள் என்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு காரியதரிசியைப் பார்த்தார்.

“அப்பம் ஒண்ணு சொல்லுகேன், கோவப்படக் கூடாது” என்றார். “படத்துல ஒம்பதுன்னுதான் கெடந்து. அதும்படி எட்டு கம்பி வச்சுப் பாத்தேன். மூணு மிச்சம். வண்டியில வந்தது பதினொண்ணு. அளந்து வெட்டின கம்பி மூணு எதுக்கு மிஞ்சுது? கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தா, மேஸ்திரி கம்பியக் குறைச்சுட்டான்னு ஊரு பேசும். அவிழ்த்துப் போட்டுட்டு, பதினொண்ணையும் ஒரே சீரா வச்சுக் கெட்டினேன். அளந்து பாத்தா ஆறு இஞ்சு வந்து.”

“இத ஏன் முதல்லயே சொல்லல்ல?” என்று காரியதரிசி கேட்டார்.

“படத்த மீறினான்னு சொல்லி நாளைக்கு வேலை தராம ஆக்கிட்டா?”

அக்காதான் முதலில் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடைசியில் கட்டுச்சோற்றை நாலாகப் பிரித்து, மேஸ்திரிக்கும் இலையில் வைத்துக் கொடுத்தாள். புளிச்சோறும் கடித்துக்கொள்ள நார்த்தங்காயும். அவர் முதலில் வேண்டாம் என்றார், பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் தக்கலை வரை தூங்கிக்கொண்டே வந்தேன்.

ஆனாலும் காரியதரிசி அதோடு விடவில்லை. மேஸ்திரியின் வார்த்தையை நான் நம்புகிறேன், ஆனால் தேர்க்கூட்டத்தை வார்த்தையின் மேல் ஏற்ற முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை சங்கம் முழுவதும் கால்வாய்க் கரையில் கூடியது. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் குடியிருப்புக்காரர்களுக்கும் அவரே சொன்னார். பாலத்தின் அடிப்பக்கம் முழுவதும் சுண்ணாம்பு பூசினார்கள். மயிரிழை வெடிப்பு விட்டாலும் வெள்ளையில் தெரிந்துவிடும். சாக்குகளில் ஈர மணலை நிரப்பி, ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டிக் கரையிலிருந்தபடியே மேலே இழுத்து அடுக்கினார்கள். கூட்டம் எவ்வளவு பாரம் வருமோ அதைப்போல ஒன்றரை மடங்கு.

பாலத்தின் நடுப்பகுதி எவ்வளவு தாழ்கிறது என்று தூரத்திலிருந்து பார்க்க அளவுக் கருவி ஒன்றை முக்காலியில் நிறுத்தியிருந்தார்கள். காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, நீங்களே பாருங்கள் என்றார். கண்ணாடியில் கண்ணை வைத்தபடி நான் நின்றேன். ஒவ்வொரு அடுக்கு ஏறினதும் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் நின்று, நான் படித்ததும் தாமும் ஒருமுறை கருவியில் பார்த்துச் சரி என்று சொன்னவர் அந்தக் கோபக்காரக் காண்டிராக்டர். அவரே போய் அந்த இடத்தில் நின்றுகொண்டார், யாரும் சொல்லவில்லை.

கடைசிச் சாக்கு ஏறியபோது தாழ்வு அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. மணி பதினொன்று. சாயங்காலம் நாலு மணிவரை பாரத்தை அப்படியே வைத்திருந்தார்கள். ஓவர்சியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி, பாலத்தின் அடியில் போய் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை என்று அங்கிருந்தே சொன்னார். தான் எண்ணாமல் விட்டதற்கு அவருக்கு மனதில் இருந்தது. அதனால்தான் வேறு யாரையும் இறங்கவிடவில்லை. சாக்குகளை இறக்கியதும் பாலம் பழைய அளவுக்கே திரும்பி வந்தது. அந்த எண்ணைப் படிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. காண்டிராக்டர் அதைக் கவனிக்காதவர்போல, கணீரென்று தாம் ஒருமுறை படித்தார்.

மருத்துவச்சி காலையிலிருந்து கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு, என்ன தப்பு நடந்தது, இந்தச் சார் சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை என்றாள். மணலில் விரலால் ஆறு போட்டு, எதிர்ப்பக்கம் வந்து பார்க்கச் சொன்னேன். அவளுக்குப் படிப்பில்லை. ஆனாலும் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“தலைகீழா வாறது எங்க தொழில்லயும் உண்டு மக்கா. பயந்தா ஒண்ணும் நடக்காது. திருப்பி எடுத்துரணும், அவ்வளவுதான்” என்றாள்.

அடுத்த கூட்டத்தில் என் தப்பு முறையாகப் பேச்சுக்கு வந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன். காண்டிராக்டர் எழுந்து, படம் தலைகீழாகப் போனதைச் சொன்னதே அந்தப் பிள்ளைதான், சொல்லாமல் இருந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை, எப்போதோ கடந்துபோன அந்த ஆறு மாதக் கணக்கை இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இனி படத்தில் அளவுகளை எண்ணோடு எழுத்திலும் எழுத வேண்டும், நகலெடுத்த ஆள் அல்லாத வேறொருவர் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இரண்டு விதி வந்தன. ஒத்துப் பார்க்கிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழுந்தது. மற்றவர்களின் படங்களில் எத்தனை தப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது தெரிந்தபிறகு என்மேல் எனக்கிருந்த கோபம் குறைந்துவிட்டது.

தேரன்று அக்காவும் நானும் போனோம். ஜனம் அந்தப் பாலத்தில் வந்தபடி இருந்தது. குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், கரும்பு சுமந்தவர்கள், புதுச்சேலை சரசரக்கப் பெண்கள். நான் கரையில் நின்று எல்லாரும் கடந்து முடியும்வரை பார்த்தேன். அதற்குள் தேர் பாதித் தெரு போய்விட்டதென்று அக்கா முணுமுணுத்தாள்.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது சங்கத்தில் பாதிப்பேர் திருவனந்தபுரம் பக்கம் போய்விட்டார்கள். காரியதரிசி இங்கேயே இருந்தார், சங்கமும் இருந்தது. அதையடுத்த அறுவடை சமயத்தில் வேறொரு குளத்து மதகைப் பார்க்கப் போன நாங்கள் அந்த வழியாகத் திரும்பினோம். பாலத்தின் மேல் முழு நீளத்துக்கும் யாரோ நெல் காயப் போட்டிருந்தார்கள். நடந்து போக ஓரமாக ஒரு சாண் இடம்தான் விட்டிருந்தது. இப்படிப் போட்டால் ஜனம் எப்படிப் போகும் என்று ஓவர்சியர் சத்தம் போட்டார். ஒரு பெண் வந்து, கொஞ்சம் பார்த்து நடங்கள் சாரே, நெல்லை மிதித்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, காலால் நெல்லைக் கிளறிக்கொடுக்கப் போய்விட்டாள். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஓரத்தில் நடந்து அக்கரைக்குப் போனோம்.